மௌனி திறந்திருக்கும் வரை

அன்று மதியம் அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் தம்பி, எங்கள் இருவருக்கும் இளையவளான தங்கை, தம்பியின் மனைவி, எங்கள் அச்சுக்கூடத்து ஃபோர்மேன். ஃபோர்மேனை எல்லோரும் ‘மசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவர் விரல் நுனி கறுப்பாகவே இருக்கும். ஆக ஐந்து பேர். ஜன்னல் கட்டையில் பூனை படுத்திருந்ததாகத் தங்கை உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்கு அந்தப் பூனை எங்கே பார்த்தாலும் தெரியும். ஜன்னல் மூடியிருந்தது. பூனை வெளியே இருந்தது.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாக வந்திருக்கிறேன். தம்பியின் சாவுக்குக் காரணம் மூச்சுத் திணறல், சிறு வயதிலிருந்தே இருந்த நோய், அறுபதைத் தாண்டிய உடம்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாம் முடிந்து உறவுக்காரர்களும் வீடு திரும்பிவிட்டார்கள். அப்புறம் எதற்கு இந்தக் கிழவன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒழுங்காகச் சொன்னால்தான் உங்களுக்கும் பிடிபடும், ஏனென்றால் நீங்கள் ‘கோட்டை’ ஆடியதில்லை என்கிறீர்கள்.

‘கோட்டை’ என் அப்பா உண்டாக்கிய சீட்டாட்டம். இரண்டு பேர் ஆடுவது. ஆளுக்கொரு கோட்டை, படை, கிணறு, பாலம். எதிராளியின் கிணற்றை வற்றவைத்து மதிலை இறக்கினால் வெற்றி. அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலை குறைவு. யோசிக்கத் தெரிந்தவன் ஜெயிப்பான். அப்பா தன் கையாலேயே ஒவ்வொரு சீட்டுக்கும் படம் வரைந்து, எங்கள் அச்சுக்கூடத்திலேயே அடித்து விற்றார். இன்று அது பல ஊர்களில், பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காவலர்கூட என் பெயரைக் கேட்டதும், “கோட்டை வீட்டுப் பெரியவரா, சார்?” என்றார். எங்கள் குடும்பத்துக்கு வேறு சொத்தும் இல்லை, வேறு பெருமையும் இல்லை.

அப்பாவுக்குப் பிறகு விதிகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலையானது. சீட்டில் அச்சடித்திருப்பது ஒரு வரி. ஆடுகிறவர்களுக்கு வருவது நூறு சந்தேகம். பாலம் உடைந்த பிறகு தூதன் எப்படி நடப்பான் என்று எழுதிக் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி, யார் சொன்னது சரி என்று தீர்த்துவைக்கும்படி இருவரும் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். மனைவி சொன்னதுதான் சரி. அப்படியே பதில் போட்டேன். முகம் பார்த்து நான் விளக்கம் சொன்னதில்லை. ஒருமுறை சொன்னதை மாற்றியதும் இல்லை. மாற்றினால் முன்பு அதை நம்பி ஆடியவன் முட்டாளாகிவிடுவான். விதி சொல்கிறவன் தடுமாறினால் ஆட்டமே கலைந்துவிடும். அப்பாவின் பெயர் சீட்டுக்கட்டின் மேலட்டையில் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கீழே ‘தவறு’ என்ற வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை.

அதிகம் கேள்வி வருவது ‘மௌனி’ என்ற ஒரே சீட்டுக்குத்தான். உதட்டில் விரல் வைத்திருக்கும் ஒரு சின்னப் பையனின் படம். அதன் கீழே, ‘இது திறந்திருக்கும் வரை எதிராளி வாய் திறக்கலாகாது, திறந்தால் அவர் கோட்டை விழும்’ என்று இருக்கும். மௌனியை வைத்தவர் அதோடு இன்னொரு சீட்டையும் வைத்தாக வேண்டும். அந்த இரண்டாவது சீட்டு மேஜையில் விழும்வரை எதிரே இருப்பவர் பேசக் கூடாது. அவ்வளவுதான். பெரும்பாலும் அது சிரிப்புக்கான சீட்டு. வைத்தவன் இரண்டாவது சீட்டை வைக்காமல் இழுத்தடித்து, கோமாளித்தனம் செய்து, எதிராளியைப் பேசவைக்கப் பார்ப்பான்.

வாய் திறப்பது என்றால் என்ன? அதைத்தான் நான் வரையறுக்க வேண்டியிருந்தது. இருமலும் தும்மலும் பேச்சாகாது என்றேன். ‘ஐயோ’ என்றால் அது பேச்சு. எழுதிக் காட்டுவது பேச்சு. கையால் காட்டுவதும் தலையாட்டுவதும் சைகை, சைகையும் பேச்சே. கண்ணை மூடித் திறப்பது சைகையாகாது, மனிதன் இமைத்துத்தான் ஆக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எதிராளிக்காக வாய் திறந்தால், அது எதிராளி பேசியதாகவே கொள்ளப்படும். வளர்ப்பு நாய் குரைத்தால் உரிமையாளர் பேசியதாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது என்று பதில் எழுதினேன். குரைக்கப் பழக்கியிருந்தால் ஆகும் என்று மறுநாள் இன்னொரு வரியும் எழுதி அனுப்பினேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது சீட்டை எவ்வளவு நேரத்துக்குள் வைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். யோசிக்க நேர வரம்பு கிடையாது என்றேன். யோசிப்பதுதானே ஆட்டம்.

வருடங்களுக்கு முன்னால் பெரிய போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியையும் என் தம்பியும் மோதினார்கள். அந்த அம்மாள் நன்றாக ஆடினார். தம்பியின் மதில் சரியும் நிலையில் அவன் மௌனியை வைத்தான். அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொண்டை கமறியது. இருமினார். அடங்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், “கொஞ்சம் தண்ணி,” என்றார். கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பேச்சுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். கோட்டை விழுந்தது. கோப்பை தம்பிக்கு. அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய நாடகம் என்று சிலர் பேசினார்கள். என் காதுபட யாரும் பேசவில்லை.

இதைத்தான் தம்பி இப்போது கிளறினான்.

ஆட்டத்தின் புதிய பதிப்பு அச்சுக்குப் போக இருந்தது. விளக்கங்களை எல்லாம் சேர்த்துச் சின்னக் கையேடாகப் போடுவதாகத் திட்டம். ஒருநாள் அச்சுக்கூடத்தில், மெஷின் நின்றிருந்த நேரத்தில், தம்பி என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான்.

“அண்ணா, மௌனிப் பக்கத்துல ஒரு வரி சேக்கணும்,” என்றான். “முன்னால சொன்ன விளக்கம் தவறுன்னு.”

“யார் சொன்ன விளக்கம்?”

“நீ சொன்னதுதான். அந்த டீச்சர் தோக்கலை. நாம தோக்கவெச்சோம்.”

“விதிப்படி தோத்தாங்க.”

“விதி அப்பாவுது. அப்பா என்ன சொன்னாருன்னு உனக்கும் தெரியும். நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம். மௌனி வெச்சதும் தண்ணி கேட்டா தோத்துடுவேனாப்பான்னு நான் கேட்டேன். ‘தண்ணி கேக்கறது ஆட்டமாடா? ஆட்டத்தைப் பத்திப் பேசக் கூடாது, அவ்வளவுதான்’னு சொல்லிச் சிரிச்சாரு. அந்தச் சீட்டே எனக்காக வரைஞ்சதுண்ணா. மூச்சு முட்டி எனக்குப் பேச வராதப்போ, நீங்களும் சத்தம் போடாம என்கூட ஆடணும்னு வரைஞ்சது. அந்தப் படத்துல இருக்கறது நான்.”

“நீ அவ்வளவு அழகில்லை,” என்றேன். அவன் சிரித்தான். சிரித்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை.

“அந்தக் கோப்பையைத் துடைக்கும்போதெல்லாம் கை கூசுது. அந்தம்மா இன்னும் இருக்காங்க. புதுப் பதிப்பு வெளியிடற அன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன். அவங்க கையில குடுத்துட்டு மன்னிப்புக் கேக்கப் போறேன்.”

“சபையிலயா?”

“சபையிலதானே தோக்கவெச்சோம்?”

அப்பா சொன்னது எனக்கும் நினைவிருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு குழந்தைக்குச் சொன்ன சமாதானம் விதியாகிவிடாது. சீட்டில் அச்சாகியிருப்பதுதான் விதி. அதற்கு நான் சொன்னது விளக்கம். அதையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் வீட்டு ஆட்டத்தை எங்கள் வீட்டுக்காரனே எழுந்து நின்று தவறு என்று சொன்னால், அப்புறம் எந்த விளக்கத்தை யார் மதிப்பார்கள்? அண்ணன் தம்பி நாடகம் என்று அன்று முணுமுணுத்தவர்கள், ‘பார்த்தீர்களா?’ என்று கேட்பார்கள். அப்பாவின் பெயர் மேலட்டையில் இருக்க, உள்ளே அந்த வார்த்தை இருக்கும். நான் இதைத் தம்பியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவன், “உன் வீம்புக்கு அப்பா பேரை இழுக்காதே,” என்றான்.

எங்கள் வீட்டில் தகராறு முற்றினால் வாய்ச்சண்டை கிடையாது. சீட்டைப் போட்டு ஆடுவோம். ஜெயித்தவர் சொல்தான் நிற்கும். தோற்றவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அப்பா ஏற்படுத்திய பழக்கம். தங்கை தன் கல்யாணத்தையே அப்படித்தான் ஆடி வாங்கினாள். அப்பா வேண்டுமென்றே தோற்றார் என்று தம்பி சொல்லுவான். வேண்டுமென்றே தோற்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

“ஆடிப் பாத்துடலாம்,” என்றேன். “ஆனா இப்ப இருக்கற விளக்கப்படிதான் ஆட்டம்.”

“ஆகட்டும்ணா. உன் விளக்கத்தை வெச்சே உன்னை ஜெயிக்கறேன்.”

மசி தன் பங்குக்கு, “அப்ப அந்தப் பக்கத்துக்கு எழுத்துக் கோத்துவெச்சுட்டு, ஜெயிக்கிறவங்க சொன்னதும் ஓட்டறேன், பெரியவரே,” என்றார். அவருக்கு எப்போதும் வேலைதான் முக்கியம்.

வீட்டு மாடியில் அதற்கென்று ஒரு அறை. நடுவில் சதுர மேஜை, நாற்காலிகள், ஒரே ஜன்னல். ஆட்டத்துக்கு உள்ளே போகும்போது யாரும் பையில் எதையும் வைத்திருக்கக் கூடாது. அதுவும் அப்பா வைத்த கட்டுப்பாடு. ஒரு சீட்டை ஒளித்துவைத்தான் என்று எவனும் எவனையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. வாசலில் ஒரு மரத்தட்டு இருக்கும். சாவி, கண்ணாடிக் கூடு, சில்லறை, எல்லாம் அதில். மூச்சு முட்டினால் தம்பி வாயில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரேயும் அதில்தான் போகும். நீல நிறத்தில் சின்னதாக இருக்கும், அவன் எங்கே போனாலும் கூடவே போகும். வழக்கமாக அவன் மனைவி அந்தத் தட்டை உள்ளே கொண்டுவந்து அலமாரி மேல் வைத்துவிடுவாள். அன்று அவள் தட்டைத் தொடும்போது, “இருக்கட்டும்மா, வெளியிலேயே இருக்கட்டும்,” என்றேன். மரியாதைக்காரி. வைத்துவிட்டு உள்ளே போனாள். கடைசியாக உள்ளே போனது நான்.

மேஜைக்கு அப்பாவின் பச்சைத் துணியை விரித்திருந்தேன். பரணில் பல காலமாகச் சுருட்டிக் கிடந்தது. இப்படிப்பட்ட ஒரு ஆட்டத்துக்கு அந்தத் துணிதான் பொருத்தம் என்று தோன்றியது.

“ஒரு தட்டுத் தட்டிட்டு விரிச்சா என்ன, பெரியண்ணா?” என்றாள் தங்கை.

நேரமாகிவிட்டது என்றேன். சீட்டு பறக்காமல் இருக்க ஜன்னலையும் மூடினேன். இதெல்லாம் எவரும் செய்யக்கூடிய காரியங்கள்தான்.

ஆட்டம் தொடங்கியது. தம்பி நன்றாக ஆடினான். அவன் அளவுக்கு யாரும் ஆடி நான் பார்த்ததில்லை, இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆரம்பத்திலேயே என் பாலத்தை உடைத்தான். பிறகு கிணற்றுக்கு வந்தான். சீட்டைச் சும்மா வைக்கமாட்டான். துணியின் மேல் தட்டி, தேய்த்து, நடுவுக்குத் தள்ளுவான். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் துணியிலிருந்து மெல்லிசாகப் புகைபோல எழும்பியது.

“என்னண்ணா, அப்பா காலத்துத் தூசியை அப்படியே பத்திரமா வெச்சிருக்கே?” என்று இருமினான்.

“துணி அவருது. தூசியும் அவருதுதான்.”

மசி வாய்விட்டுச் சிரித்தார். தம்பியும் சிரித்தான், சிரிப்பு இருமலாகி நீண்டது. அவன் மனைவி முன்னால் குனிந்து, “ஸ்பிரே எடுத்துட்டு வரட்டுமா?” என்றாள்.

“இரு, இரு. இன்னும் ரெண்டே சீட்டு. அண்ணன் கிணறு வத்திப்போச்சு, பாரு. அண்ணா, ஒத்துக்கோயேன். வயசான காலத்துல எதுக்கு இந்தக் கஷ்டம்?”

அவன் சொன்னது சரி. என் கையில் மூன்று சீட்டு இருந்தது. எதை வைத்தாலும் அடுத்த சுற்றில் என் மதில் இறங்கியிருக்கும். மூன்றில் ஒன்று மௌனி.

அதை வைத்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைக்கப் போனவன், அதுவும் சைகை என்று நினைவு வந்து, கையைப் பாதியிலேயே தொடைமேல் போட்டுக்கொண்டான். கெட்டிக்காரன். நான் கையில் மிச்சமிருந்த இரண்டு சீட்டையும் பார்த்து யோசிக்கத் தொடங்கினேன்.

அவன் மூச்சில் விசில் கேட்க ஆரம்பித்தது. அந்த விசில் எனக்குப் பழக்கமானது. சிறுவயதில் அவனை முதுகில் சுமந்துகொண்டு டாக்டரிடம் ஓடியவன் நான்தான். அப்பா அச்சுக்கூடத்தை விட்டு வரமாட்டார். என் காதருகே அவன் விசிலடித்துக்கொண்டே வருவான். அந்த டாக்டர் நல்ல மனிதர். ஒருமுறை என் காதிலும் குழாயை மாட்டிக் கேட்கச் சொல்லி, “விசில் கேக்கற வரைக்கும் பயமில்லடா. சத்தம் நின்னுபோய் நெஞ்சு மட்டும் ஏறி இறங்குச்சுன்னா, அப்பதான் ஆபத்து. அப்ப நிக்காம ஓடி வரணும்,” என்று சொல்லிக் கொடுத்தார். நான் அதை மறந்ததில்லை.

தம்பியின் மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் விளக்கங்கள் எல்லாம் மனப்பாடம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் தோற்றுவிடுவான். அவன் அவளைப் பார்த்து மெதுவாகக் கண்களை மூடித் திறந்தான். பொறு என்று அர்த்தம். அது விதிக்கு உட்பட்டதுதான். அவள் பொறுத்துப் பார்த்தாள். முடியாமல் எழுந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். தட்டை அவள் கலைத்துத் தேடும் சத்தம் கேட்டது. சாவிகள் உருண்டன. பிறகு அவள் படியிறங்கி ஓடுவது கேட்டது. தெரு முனையில் அவர்கள் வீடு. அங்கே இன்னொரு ஸ்பிரே இருக்கும்.

தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. “பெரியண்ணா, இதோட நிறுத்திக்கலாம்,” என்றாள்.

நான் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். “அவனுக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியா? அவனுக்காகன்னா அவன் பேசினதா ஆயிடும். யோசிச்சுச் சொல்லு.”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளையும் பார்த்துக் கண்களை மூடித் திறந்தான். “எனக்காகத்தான்,” என்றாள் தங்கை.

“அப்படின்னா, எனக்கு இன்னும் யோசிக்கணும்.”

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மசி எழுந்து ஜன்னலருகே போனார். “கொஞ்சம் காத்தாவது வரட்டுமே, பெரியவரே. இது எனக்காகச் சொல்றேன்,” என்றார். அவரும் விவரமானவர்.

“திறங்க. சீட்டெல்லாம் பறந்தா ஆட்டம் செல்லாது. மறுபடி முதல்லேருந்து ஆடணும். சின்னவர் ஜெயிக்கிற கையை நீங்க கலைச்சதா ஆகும். பரவாயில்லையா?”

அவர் கை தாழ்ப்பாளில் நின்றது. தம்பி அவ்வளவு பாடுபட்டு வைத்திருந்த ஆட்டம். அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடி அப்படியே நின்றார். தம்பியின் மனைவி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என நினைக்கிறேன்.

இவர்கள் மூவர் மேலும் நீங்கள் எந்தக் குறையும் காணக் கூடாது. நான் சொன்ன விதியை மதித்தார்கள். நல்ல குடும்பத்தில் அப்படித்தான் இருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. தங்கை முகத்தைப் பொத்தியபடியே பெருமூச்சு விட்டாள். “அப்பாடா,” என்றார் மசி, திரும்பாமலேயே. தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் மசிக்கறை போல நிறம் மாறியிருந்தது. நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்ன யோசித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. இரண்டு சீட்டில் எதை வைத்தாலும் ஒன்றுதான். அவனுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவன் ‘தண்ணி’ என்றிருக்கலாம். ‘அண்ணா’ என்றிருக்கலாம். நான் அந்த நொடியே எழுந்து, அவனைச் சின்ன வயதில் தூக்கியது போலத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். இந்த வயதிலும் என்னால் முடியும். அவன் வாயை நான் பொத்தவில்லை. ஒரு ஆட்டத்தில் தோற்றுப்போக அவனுக்கு முழு உரிமை இருந்தது. யாரோ ஒரு டீச்சருக்காக, ஒரு கோப்பைக்காக, என் விளக்கத்தைத் தவறு என்று அச்சடிப்பதற்காக, அவன் வாய் திறக்காமல் இருந்தான். பிடிவாதம். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு அது உண்டு.

அவன் தலை மெதுவாகத் துணியின் மேல் சாய்ந்தது. நான் சீட்டை வைத்தேன். “வெச்சுட்டேன், இனி பேசலாம்,” என்றேன். அப்போதுதான் தங்கை முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள். மசி திரும்பினார். அவன் மனைவி ஸ்பிரேயோடு மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை அவர்கள் சொல்வார்கள். எனக்குச் சத்தம் ஆகாது.

இப்போது நான் ஏன் வந்தேன் என்பதற்கு வருகிறேன்.

நேற்றுக் காலை அச்சுக்கூடத்துக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மசி எதிரே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, “சின்னவர் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கலை, பெரியவரே. நீங்க வெச்ச சீட்டும் உங்க மதிலைக் காப்பாத்தலை. ஆட்டம் அவருதுன்னு உங்க தங்கச்சியும் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கத்தை ஓட்டறேன்,” என்றார். என்னிடம் கேட்கவில்லை. தகவலாகச் சொன்னார். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவிலும் அதே பேச்சு. சின்னவர் உயிரை விட்டாரே தவிர ஆட்டத்தை விடவில்லை என்று, பெருமையாக. அந்த டீச்சர்கூட வந்து மசியிடம் அழுதுவிட்டுப் போனாராம்.

அந்தப் பேச்சை நான் அங்கேயே திருத்தியிருக்கலாம். ஆனால் ஒரு நுனியைச் சொன்னால் முழுவதையும் சொல்லியாக வேண்டும். நான் அரைகுறையாக எதையும் சொல்கிறவன் இல்லை என்று முன்பே சொன்னேன். ராத்திரி முழுக்க எண்ணிப் பார்த்தேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பக்கம் மட்டும் அச்சாகக் கூடாது.

அந்த வாசல் தட்டில் ஸ்பிரே இல்லாததற்குக் காரணம் நான். கடைசியாக உள்ளே போகும்போது அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பையில் ஒன்றுமில்லாமல் உட்கார வேண்டும் என்ற அப்பாவின் கட்டுப்பாட்டை என் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மீறினேன். அது சீட்டில்லை என்பதால் ஆட்டத்தின் விதியை மீறியதாகாது. வெள்ளைச் சட்டை. துணி மெல்லிசு. உள்ளே இருந்த நீலம் வெளியே தெரிந்திருக்க வேண்டும்.

விசில் நின்ற பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் நெஞ்சைப் பார்த்தான். தங்கை முகத்தை மூடியிருந்தாள். மசி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பார்த்தது நான் ஒருவன்தான். இதோ அந்த ஸ்பிரே. உங்கள் மேஜைமேல் வைக்கிறேன். அவன் கைரேகை அதில் பழையதாக இருக்கும், என்னுடையது புதிதாக இருக்கும். நீங்கள் எதை எழுதிக்கொண்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். எழுதி முடித்ததும் அச்சுக்கூடத்துக்கு ஆளனுப்பி மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் தாமதம் வேண்டாம்.

கேட்பவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் தம்பி ஜெயித்துவிட்டுச் செத்தான் என்று ஊரில் பேசிக்கொள்வது சரியில்லை. நான் இரண்டாவது சீட்டை வைப்பதற்கு முன்பே, என் பையை நோக்கி அவன் கையை நீட்டினான். சைகையும் பேச்சே. தோற்றது அவன்தான்.